லோரோங் கூலிட்டில் கிடைத்த பலகை: 214 ஸ்குவாட்ரனுக்கு நம் மாநிலங்களின் பெயர் எப்படி வந்தது?

பாகான்வாசி:
வணக்கம். போன ஞாயிறு விடியலில் ஃபெர்ரி பிடித்து பினாங்குத் தீவில் இருக்கும் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். வழக்கம்போல் பழைய இஸ்திரிப் பெட்டி, ஓடாத கடிகாரம், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ ஒன்று. ஒரு பெரியவர் விரித்திருந்த தார்பாயின் ஓரத்தில் கேடயம் மாதிரி வெட்டிய மரப்பலகை கவிழ்ந்து கிடந்தது. திருப்பினால் நடுவில் வர்ணம் பூசிய உலோகச் சின்னம். மேலே கிரீடம், வட்டத்துக்குள் இறக்கை விரித்து நம்மைப் பார்த்துப் பறந்து வரும் பறவை, சுற்றிலும் 214 என்ற எண்ணும் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற எழுத்தும். கீழே நாடாவில் லத்தீன்: ‘உல்டோர் இன் உம்ப்ரிஸ்’.

அதுவரை சரி. பலகையின் அடியில் யாரோ பிற்பாடு அடித்த சின்னப் பித்தளைத் தகட்டில் ‘ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்’ என்று இருக்கிறது! 40 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 18-க்கு முடித்தேன். ஸ்குவாட்ரன் என்றால் விமானப்படைப் பிரிவு, பிரிட்டிஷ் பிரிவுக்கு நம் பெயர் எதற்கு? இவர்கள் இங்கே பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்தவர்களா? வீட்டில் வேறு, “ராத்திரிக் குருவி படத்தைக் கூடத்தில் மாட்டாதே” என்று தடை.

ஜெலுத்தோங் தம்பி:
அண்ணே, அது டேங்கர் ஸ்குவாட்ரன்! பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிற கூட்டம். பட்டர்வொர்த்தில்தான் இருந்திருப்பார்கள், வேறு எங்கே?

செந்தூல் பட்டறை:
தம்பி பாதி சரி. டேங்கர்தான், ஆனால் அவர்களின் வீடு இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் மார்ஹம் தளம். பட்டர்வொர்த் அவர்கள் வீடாக இருந்ததே இல்லை.

பாகான்வாசி, ஒன்று சொல்லுங்கள். அந்தக் கிரீடத்தின் மேல் வளைவு உருண்டு குவிந்திருக்கிறதா, இல்லை நடுவில் கொஞ்சம் அமுங்கி இருக்கிறதா? உருண்டை என்றால் ராஜா காலம், 1953-க்கு முந்திய வடிவம். அமுங்கி இருந்தால் எலிசபெத் ராணி காலம். பலகையின் வயது அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். எஃப்எம்எஸ், அதாவது அந்த ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் என்றால் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும்தான், தலைநகர் எங்கள் கோலாலம்பூர். பினாங்கும் உங்கள் பாகானும் (பட்டர்வொர்த்) அன்று பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் இருந்தவை. ஆகவே ‘நம் பெயர்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. :)

பாகான்வாசி:
18 வெள்ளி கொடுத்தவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், நடுவில் நன்றாக அமுங்கியிருக்கிறது.

செந்தூல் பட்டறை:
அப்படியென்றால் உங்கள் பலகை டேங்கர் காலத்துப் பொருளாகத்தான் இருக்கும். ராத்திரி ஷிப்ட் இல்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஸ்குவாட்ரன் பிறந்தது 1917-இல், முதல் உலகப் போரின்போது, கடற்படையின் விமானப் பிரிவாக. வேலை, இருட்டில் போய்க் குண்டு போடுவது. 1918 ஏப்ரல் 1-இல் ராயல் ஏர் ஃபோர்ஸ் உருவானபோது எண் 214 ஆனது. பறவை நைட்ஜார் என்ற ராத்திரிக் குருவி, வாசகத்தின் அர்த்தம் ‘நிழலில் பழிதீர்ப்பவன்’. இரண்டாம் போரில் முதலில் வெலிங்டன், பிறகு ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானங்கள். 1944-இலிருந்து அமெரிக்க ஃபோர்ட்ரஸ் விமானங்களில் ஜாமர் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஜெர்மானியர்களின் ரேடியோவையும் ரேடாரையும் குழப்பப் போனார்கள். போருக்குப் பிறகு கலைப்பதும் மறுபடி கூட்டுவதுமாகச் சில வருடங்கள், அதை விடுங்கள்.

1956-இல் மார்ஹமில் வேலியன்ட் ஜெட் குண்டுவீச்சு விமானத்தோடு மீண்டும் எழுந்தது. அதே வருடக் கடைசியில் எகிப்தோடு சூயஸ் கால்வாய்ச் சண்டை, மால்ட்டாவிலிருந்து போய்க் குண்டு போட்டார்கள். 1958-இல் புதுத் தளபதியாக வந்தவர் மைக்கேல் பீத்தம். விமானத்திலிருந்து விமானத்துக்கு எண்ணெய் கொடுப்பதை இந்த ஸ்குவாட்ரன்தான் சோதித்துப் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்படைத்தார்கள். குண்டு போடுவதற்குப் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பால்காரன் வேலை. முதலில் யாருக்கும் பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சாதனைகளைப் பாருங்கள். 1959 ஜூலையில் லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு நிற்காமல் 11 மணி 28 நிமிடம். 1960 மே மாதம் மார்ஹமிலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு ஒரே மூச்சாக 8,110 மைல், 15 மணி 35 நிமிடம். சைப்ரஸ் மேலேயும் கராச்சி மேலேயும் மற்ற வேலியன்ட்கள் வந்து எண்ணெய் கொடுத்தன. 1961-இல் 617 ஸ்குவாட்ரனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு 20 மணி 3 நிமிடத்தில் போனது, அதற்கும் வழியெல்லாம் எண்ணெய் ஊற்றியவை வேலியன்ட்கள்தான்.

கப்பலில் மூன்று வாரம் ஆகும் தூரம் இது. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரவே ஒரு வாரம் வாந்தி எடுத்தாராம்.

ஜெலுத்தோங் தம்பி:
சரி அண்ணே, ஏன் நிற்காமல் பறக்க வேண்டும்? இறங்கி ஊற்றிக்கொண்டு போகலாமே.

செந்தூல் பட்டறை:
எங்கே இறங்குவது? அதுதான் அன்றைக்குப் பிரச்சினையே. சிலோனில் 1956-இல் பண்டாரநாயக்க வந்ததும் கட்டுநாயக்கவையும் திருகோணமலையையும் திருப்பிக் கொடு என்றார். 1957-இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மத்திய கிழக்கிலும் ஒவ்வொரு நாடாகத் தன் வானத்தை மூடிக்கொண்டு வந்தது. மிஞ்சியது மாலத்தீவின் தென்கோடியில் கான் என்ற பொட்டுத் தீவு. அங்கிருந்து பட்டர்வொர்த்துக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர், இடையில் பெரும்பாலும் கடல். போர் விமானம் தன் டேங்கை மட்டும் நம்பி அதைத் தாண்ட முடியாது. சாம்ராஜ்யம் சுருங்கச் சுருங்க டேங்கருக்கு மதிப்புக் கூடியது என்று சொன்னால் தப்பில்லை.

முன்னாள் சுபாங்:
நான் பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த இழையில் சும்மா இருக்க முடியவில்லை. சுபாங் தளத்தில் நம் மலேசிய விமானப்படையின் 20-ஆவது ஸ்குவாட்ரனின் சி-130 சரக்கு விமானங்களில் தரைத் தொழில்நுட்ப வேலை பார்த்தவன். பென்ஷன் வாங்கிப் பல வருடம் ஆகிறது.

‘எண்ணெய் ஊற்றுவது’ என்று தம்பி சொன்னதும் சிரிப்பு வந்தது. அமெரிக்கர்களின் பெரிய டேங்கரில் வாலுக்கடியில் நீண்ட இரும்புக் குழாய் இருக்கும், டேங்கர் ஆளே அதை ஓட்டிக்கொண்டு போய்ச் செருகுவார். பிரிட்டிஷ் முறை வேறு. டேங்கர் ஒரு ரப்பர் குழாயைப் பின்னால் விடும், நுனியில் கூடை. இறகுப்பந்தைப் பெரிதாக்கிக் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். வாங்குகிற விமானம் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலை அந்தக் கூடைக்குள் விட வேண்டும். வேலை முழுக்க வாங்குகிறவன் தலையில். வேலியன்ட்டில் குண்டு வைக்கும் அறையில்தான் குழாய் சுற்றிய உருளை இருந்தது. நம் நாட்டுச் சண்டை விமானங்கள், ஹாக் 208, எஃப்/ஏ-18டி, பிறகு வந்த சுகோய், எல்லாமே குழலும் கூடையும்தான். மிக்-29-க்குக் கூடப் பிற்பாடு குழல் பொருத்தினோம்.

ஒரு தடவை எங்கள் டேங்கர் சி-130-இன் பயிற்சிப் பறப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இறக்கையின் ஓரத்துப் பெட்டியிலிருந்து குழாய் இறங்கி ஒரு பக்கமாக மெல்ல ஆடும். ஜெட் பின்னாலிருந்து வரும், நாம் நடந்து போகிற வேகத்தில்தான் நெருங்கும். கிட்டே வந்ததும் அதன் மூக்குத் தள்ளுகிற காற்றில் கூடை ‘தொடாதே’ என்பதுபோல் விலகும். கூடையைப் பார்க்காதே, டேங்கரைப் பார் என்றுதான் பைலட்டுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். முட்டியதும் உருளை தானாகத் தளர்வைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டாவிட்டால் குழாய் சாட்டை மாதிரி அடித்துக் குழலையே ஒடித்துவிடும். உள்ளே கொஞ்ச தூரம் தள்ளிய பிறகுதான் பச்சை விளக்கு எரிந்து எண்ணெய் ஓடும். அன்றைக்கு வந்த பைலட் நான்கு முறை தவறவிட்டு ஐந்தாவது முறை பிடித்தார். இறங்கியதும் சட்டை பிழிந்தால் சொட்டும் நிலை.

எங்கள் சி-130 ஜெட்டுக்கு ரொம்ப மெது. பாவம், அவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு தத்தளித்துத்தான் பின்னால் நிற்பார்கள். அதனால்தான் 2015-இலிருந்து வந்த ஏ400எம் விமானங்கள் நான்கும் பெரிய நிம்மதி. அவை 22-ஆவது ஸ்குவாட்ரன், அவையும் சுபாங்தான்.

ஜெலுத்தோங் தம்பி:
ஐயா, மன்னிக்கணும், இனி ‘ஊற்றுவது’ என்று எழுத மாட்டேன். நம் பழைய ஸ்கைஹாக் போர் விமானங்களின் காலத்திலேயே இது இருந்ததா?

முன்னாள் சுபாங்:
இருந்தது. ஸ்கைஹாக்கே இன்னொரு ஸ்கைஹாக்குக்குக் கொடுக்கும். வயிற்றில் ஒரு பெட்டி மாட்டினால் போதும். 88 பழைய விமானம் வாங்கி 40-ஐ மட்டும் புதுப்பித்த கதையைத் தனி இழையில் பேசுவோம், இங்கே ஆரம்பித்தால் நிற்காது.

கிள்ளான் பேத்தி:
எல்லாம் படித்தேன். ஆனால் பாகான்வாசி அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பெயர் எப்படி வந்தது?

போரில் நிதி கொடுத்த காலனிகள், சமஸ்தானங்களின் பெயரை ஸ்குவாட்ரனுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். ஹைதராபாத் பெயரில், ரொடீசியா பெயரில் எல்லாம் இருந்தன. 214-க்கு மலாய் மாநிலங்கள் வந்ததும் அந்த வழியில்தான். இதற்கு முன்னாலும் செய்திருக்கிறார்கள். எச்எம்எஸ் மலாயா என்று ஒரு போர்க்கப்பலையே கட்ட முதல் போருக்கு முன்பே எஃப்எம்எஸ் பணம் தர முன்வந்தது. 1916-இல் ஜட்லண்டு கடற்போரில் அது சண்டை போட்டது.

சரி, எஃப்எம்எஸ் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயம், ரப்பர். ரப்பர் யார் வெட்டியது? என் பாட்டி வெட்டினார், கிள்ளான் பக்கத் தோட்டத்தில், விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு. 1941-இல் அதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. தோட்டத்துத் துரையோ கிராணியோ (எழுத்தர்) எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். மே மாதம் வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ராணுவம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள்.

ஜெர்மனி மேல் குண்டு போடப் பணம் இருந்தது. கூலிக்குக் காசு ஏற்றித் தர இல்லை. பலகையை மாட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
அக்கா, விமான இழையில் அரசியல் எதற்கு? அந்த விமானங்களில் செத்தவர்களும் 20, 22 வயதுப் பையன்கள்தானே.

கிள்ளான் பேத்தி:
அந்தப் பையன்களை நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. சைக்கிளை விட்டு இறங்காததற்கு அடி வாங்கியவர்களும் அதே வயதுதான். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பணம் எப்படி வந்தது என்றும் சொல்லத்தானே வேண்டும்? பாட்டியின் கணக்குப் புத்தகம், துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கண்காட்சிக்கு என்று நம்பிக் கொடுத்தோம், திரும்பி வரவேயில்லை. கேட்டால் ‘இடம் மாறினோம்’ என்றார்கள். உங்கள் 214-க்காவது பித்தளைத் தகடு மிஞ்சியது.

கித்தா ரசாயனம்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ரப்பர் தொழிலில் இருப்பவன், கெமிஸ்ட்.

சுபாங் ஐயா ‘ரப்பர் குழாய்’ என்றார். அந்தக் குழாயில் நம் தோட்டத்து ரப்பரை எண்ணெய் படும் இடத்தில் வைக்கவே முடியாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் இரண்டு மடங்குக்கு மேல் உப்பி, தொட்டால் அறுந்து போகும். மரத்துப் பாலில் செய்த ரப்பருக்கும் பெட்ரோலியத்துக்கும் அப்படி ஒரு மோகம், குடித்துக்கொண்டே இருக்கும். ஜெட் எண்ணெயும் மண்ணெண்ணெய் வகைதான். ஆகவே எண்ணெய்க் குழாய்களின் உள்சுவர் நைட்ரைல் மாதிரியான செயற்கை ரப்பர்.

இதில் வேடிக்கை, அந்த ‘குறை’தான் போரில் உயிர் காத்தது. போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களின் எண்ணெய் டேங்கைச் சுற்றிப் பதப்படுத்தாத பச்சை ரப்பரை ஓர் அடுக்கு வைப்பார்கள். தோட்டா துளைத்தால் எண்ணெய் கசிந்து அந்த அடுக்கில் படும், பட்டதும் ரப்பர் உப்பி ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். டேங்க் தீப்பிடிக்காமல் பையன்கள் வீடு திரும்ப அது ஒரு காரணம். எந்தத் தோட்டத்துக் கித்தாவோ (ரப்பரோ) யார் கண்டது.

முன்னாள் சுபாங்:
இத்தனை வருடம் அந்தக் குழாயைத் துடைத்திருக்கிறேன், இது தெரியாது. கழற்றிய பழைய குழாய்த் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது, பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட எடுத்துக்கொண்டார்கள்.

செந்தூல் பட்டறை:
மீதிக் கதையை முடித்துவிடுகிறேன். 1964-இல் வேலியன்ட்களின் இறக்கைத் தண்டில் விரிசல் கண்டார்கள். உலோகம் களைத்துவிட்டது. 1965 ஜனவரியில் மொத்த வேலியன்ட்களையும் ஒரேயடியாக ஓரங்கட்டினார்கள், 214-உம் கலைந்தது. நேரத்தைப் பாருங்கள். இந்தோனேசியாவோடு கொன்ஃபிரன்டாசி என்ற மோதல் உச்சத்தில் இருந்த காலம். சிங்கப்பூருக்கும் போர்னியோவுக்கும் விமானங்களை விரைந்து அனுப்ப வேண்டிய சமயத்தில் பிரிட்டிஷாரிடம் பெரிய டேங்கரே இல்லை! அவசர அவசரமாக விக்டர் குண்டுவீச்சு விமானங்களை மாற்றிக் கட்டினார்கள். 214 அதே மார்ஹமில் 1966 ஜூலையில் விக்டரோடு மறுபிறவி எடுத்தது. அதற்கடுத்த மாதமே கொன்ஃபிரன்டாசி முடிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

1967 ஜூனில் 74 ஸ்குவாட்ரனின் 13 லைட்னிங் சண்டை விமானங்கள் ஸ்காட்லாந்திலிருந்து சிங்கப்பூர் தெங்காவுக்கு இடம்பெயர்ந்தன, வழிநெடுக மார்ஹம் விக்டர்கள் எண்ணெய் கொடுத்தன. லைட்னிங் புயல் மாதிரி ஏறும், எண்ணெயையும் புயல் மாதிரிக் குடிக்கும். டேங்கர் இல்லாமல் அதை ஆசியாவுக்குக் கொண்டுவர நினைப்பதே வீண்.

உங்கள் பலகை எப்படி இங்கே வந்திருக்கும் என்று கேட்டால் என் ஊகம் இதுதான்: விருந்தினராக வந்த ஸ்குவாட்ரன்கள் தங்கிய படைத்தள மெஸ்ஸில் இப்படிப் பலகையை நினைவாகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மெஸ் மூடும்போது சாமான்கள் ஏலத்துக்குப் போகும். பிறகு லோரோங் கூலிட்.

1977 ஜனவரியில் 214-ஐக் கடைசியாகக் கலைத்தார்கள். அதே வருடம் பழைய தளபதி பீத்தம் பிரிட்டிஷ் விமானப்படைக்கே தலைவரானார். 1982-இல் ஃபாக்லாந்து போரில் ஒரே ஒரு வல்கனை அசென்ஷன் தீவிலிருந்து கொண்டுபோய்க் குண்டு போட வைக்க 11 விக்டர் டேங்கர்களை வானத்தில் ஏற்றினார்களே, அப்போது நாற்காலியில் இருந்தவர் அவர்தான். மார்ஹமில் கற்ற பாடம் வீண்போகவில்லை.

எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு ஒன்று. எஃப்எம்எஸ் என்ற அரசு 1946-இல் மலாயன் யூனியன் வந்தபோதே முடிந்துவிட்டது. இந்த ஸ்குவாட்ரன் இடையிடையே கலைந்தாலும், அதற்குப் பிறகு 31 வருடம் கழித்து 1977 வரை அந்தப் பெயரோடு பறந்திருக்கிறது. 1957-இல் நாம் சுதந்திரம் வாங்கிய பிறகும், 1963-இல் மலேசியா ஆன பிறகும், இல்லாத ஒரு நாட்டின் பெயரை மார்ஹமில் யாரோ தகட்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிள்ளான் பேத்தி:
நிழலில் பழிதீர்ப்பவன். யாருடைய நிழல் என்று கேட்டால் தம்பி கோபிப்பார், விட்டுவிடுகிறேன்.

ஜெலுத்தோங் தம்பி:
கோபமில்லை அக்கா. 1941 கதை எனக்குத் தெரியாது, பள்ளியில் சொல்லவே இல்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

பாகான்வாசி:
எல்லாருக்கும் நன்றி. தகட்டைப் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

கித்தா ரசாயனம்:
வேண்டவே வேண்டாம். எழுத்துக்குள் இருக்கும் கறுப்பு மை போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உடனே காய விடுங்கள், போதும்.

பாகான்வாசி:
அப்படியே செய்தேன். அப்புறம் ஒரு விஷயம். இன்று மதியம் அம்மா வந்திருந்தார். புக்கிட் மெர்தாஜம் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். பலகையைக் கையில் வாங்கி, கிரீடம், லத்தீன் எதையும் பார்க்கவில்லை, பறவையை மட்டும் பார்த்தார். “இது டொக்-டொக் குருவிதானே” என்றார். மாலையில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்மண் பாதையில் உட்கார்ந்துகொண்டு டொக், டொக், டொக் என்று மரத்தைத் தட்டுவதுபோல் கூவுமாம். விளக்கு அடித்தால் கண் சிவப்பாக மின்னுமாம். அடுத்த தடவை எத்தனை டொக் வரும் என்று ஆண்கள் ஐந்து காசு, பத்து காசு பந்தயம் கட்டுவார்களாம். அப்பா ஒரு சம்பள நாளில் மூன்று வெள்ளி தோற்றுவிட்டு வந்தது இவருக்கு இன்னும் ஆறவில்லை.

பலகை இப்போது கூடத்தில்தான் தொங்குகிறது. அம்மா சொன்ன பிறகு வீட்டில் தடை இல்லை.